மீடியா ஆர்ட்ஸ் பாடம் எடுத்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி வளாகங்களில் படிக்கும், படித்த அண்ணன், அக்கா, நண்பர்களுக்கு வணக்கம்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. எந்தத் துறையில் படித்தாலும் எடுக்க வேண்டிய ஜெனரல் எஜுகேஷன் பொதுப் பாடங்களில், 3ஏ கலைப் பிரிவை அடுத்த செமஸ்டரில் முடிக்க வேண்டும். அதற்கு மீடியா ஆர்ட்ஸ் அறிமுகப் பாடம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், 3 யூனிட். ‘ரொம்ப ஈஸி, கண்ணை மூடிக்கொண்டு ஏ வாங்கலாம்’ என்கிறார்கள் சிலர். ஆனால் போன வருஷம் இப்படிச் சொன்னதை நம்பி எடுத்த ஒரு பாடத்தில் வாரம் ஒரு கட்டுரை எழுதித் தூக்கமே போய்விட்டது. கூடவே டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் லீனியர் ஆல்ஜிப்ராவும் இருப்பதால் இந்த முறை விசாரித்துவிட்டே சேர நினைக்கிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். மதிப்பெண் பெரும்பாலும் எதற்கு? படம் பார்த்து எழுதுவதற்கா, நாமே வீடியோ எடுத்து எடிட் செய்வதற்கா? எடிட்டிங் என்றால் டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதுமா? குழுவாகச் செய்யும் வேலை எவ்வளவு? ஆங்கிலக் கட்டுரையில் நான் கொஞ்சம் மெதுவு, கையால் செய்யும் வேலை என்றால் சந்தோஷமாக உட்காருவேன்.

அப்புறம், ஆன்லைன் பிரிவு எனக்குச் சரிவராது. எஃப்-1 மாணவர் விசாவில் முழுநேரத்துக்கான 12 யூனிட்டில் ஓர் ஆன்லைன் பாடம்தான் கணக்கில் வரும், அதை ஏற்கெனவே வேறு பாடத்துக்கு வைத்துவிட்டேன். நேரில் படித்தவர்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிய உதவி.

வியாழக்கிழமை எனக்குப் பதிவு திறக்கிறது.