தினமும் டின் ஃபேக்டரி நெரிசல், மாசம் ஒரு தடவை வத்தலக்குண்டு: எந்த வண்டி எடுக்கலாம்?

வெத்தலக்கொடி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மாசமா ரிவ்யூ வீடியோவா பார்த்துத் தள்ளினதுல குழப்பம் கூடினதுதான் மிச்சம். வண்டி வெச்சிருக்கிறவங்க சொன்னா நம்பலாம்னு இங்கே வந்தேன்.

பெங்களூர்ல வீடு ராமமூர்த்தி நகர், ஆபீஸ் பெல்லந்தூர். தூரம் பதினாறு கிலோமீட்டருக்குள்ளதான். ஆனா டின் ஃபேக்டரி, மகாதேவபுரா, மாரத்தஹள்ளின்னு ஒவ்வொரு இடத்துலயும் நின்னு கும்பிடு போட்டுட்டுப் போகணும். அவுட்டர் ரிங் ரோட்டுல மெட்ரோ வேலை வேற. காலையில ஒண்ணேகால் மணி நேரம், மழை பெய்ஞ்சா கணக்கே கிடையாது. வாரத்துல நாலு நாள் இப்படி. இப்ப இருக்கிறது 2013 மாடல் ஹேட்ச்பேக், மேனுவல். கிளட்ச் பிளேட் ரெண்டு தடவை மாத்தியாச்சு. மூணாவது தடவை மாத்துறதுக்குள்ள என் இடது கால் கழண்டுடும்.

மாசம் ஒரு தடவை சொந்த ஊர் வத்தலக்குண்டு. ஏறக்குறைய 400 கிலோமீட்டர். நான், மனைவி, ஏழு வயசுப் பையன், அம்மா. அம்மாவுக்கு ரெண்டு முழங்கால்லயும் தேய்மானம். போறப்ப ரெண்டு பைதான். வர்றப்பதான் கூத்து: 25 கிலோ அரிசிச் சிப்பம், ஒரு சாக்குத் தேங்காய், ஒரு தார் வாழைப்பழம், பின் கண்ணாடியை மறைக்கிற மாதிரி ஒரு கட்டு முருங்கைக்காய். "பெங்களூர்ல இதெல்லாம் கிடைக்கும்மா"ன்னு சொன்னா ரெண்டு நாள் பேச மாட்டாங்க.

பட்ஜெட் ஆன்ரோடு 12 லட்சம், இழுத்துப் பிடிச்சா 13. ஆட்டோமேட்டிக் கட்டாயம். மனசுல இருக்கிறது டிசையர் ஏஎம்டி, அமேஸ் சிவிடி, பிரெஸ்ஸா ஆட்டோமேட்டிக். எலெக்ட்ரிக் வேண்டாம். வாடகை வீடு, ஓனர் தண்ணி மோட்டார் ஓடுற நிமிஷத்தையே எண்ணுறவர்.

இன்னொண்ணு. ஓசூர்ல மச்சான் இருக்கார். அவர் விலாசத்துல டிஎன் 70 நம்பர் போட்டுட்டா வரி மிச்சம்ங்கிறார். செய்யலாமா? பொங்கலுக்கு ஊருக்குப் போறதுக்குள்ள புது வண்டி வந்துட்டா நல்லாருக்கும்.

சில்க்போர்டு சாமியார்:

வணக்கம். நான் பதினோரு வருஷமா சில்க்போர்டு நெரிசல் வழியா போய் வர்றவன், அதனால இந்தப் பேர். உங்க மூணு வண்டியும் மூணு விதமான கியர்பாக்ஸ். அதை முதல்ல பிரிச்சுக்குங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

ஏஎம்டின்னா உள்ளே இருக்கிறது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். நீங்க காலால மிதிச்சதை ஒரு மோட்டார் மிதிக்குது, அவ்வளவுதான். மாரத்தஹள்ளி பாலத்துக்கு முன்னால அடி அடியா நகர்றப்ப கிளட்ச் அரைகுறையா ஒட்டி ஒட்டி விடும், சூடாகும், தேயும். ரெண்டு பிளேட் தின்ன ரூட்டுன்னு நீங்களே சொல்றீங்க. ஏஎம்டி மோசமில்ல, விலை குறைவு, மைலேஜ் நல்லா கொடுக்கும், ரோடு ஓடுற ஊர்ல அருமை. உங்க ரோடு ஓடுறதில்லையே.

சிவிடியில பல் சக்கரத்துக்குப் பதிலா ரெண்டு புல்லி, நடுவுல ஒரு உலோக பெல்ட். கியர் மாறுற குலுக்கலே இருக்காது. நெரிசல்ல அமேஸ் மாதிரி சுகம் இந்த விலையில கஷ்டம். ஆனா தொப்பூர் கணவாயில ஏத்தத்துல லாரியைத் தாண்டலாம்னு அழுத்துனா முதல்ல சத்தம் வரும், வேகம் அப்புறமா வரும். பழகிக்கணும். பிரெஸ்ஸாவுல இருக்கிறது பழைய பாணி டார்க் கன்வெர்ட்டர், ஆறு கியர். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவுல ஆயில்தான் வேலை செய்யுது, உரசித் தேயுற கிளட்ச் பிளேட் அந்த இடத்துல இல்ல. நான் ஓட்டுறது இதுதான். சிட்டியில லிட்டருக்கு பத்து கொடுத்தா அன்னைக்கு நல்ல நாள். ஹைவேயில 90-ல வெச்சா பதினேழு. விளம்பரத்துல போட்டிருக்கிற மைலேஜை நம்பி பெட்ரோல் கணக்குப் போடாதீங்க. இப்ப பங்குல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்; எத்தனாலுக்கு பெட்ரோலைவிட சக்தி மூணுல ஒரு பங்கு குறைவு, அதுவும் கொஞ்சம் கடிக்கும்.

இந்த விலையில டிசிடி, அதாவது ரெண்டு கிளட்ச் இருக்கிற ஆட்டோமேட்டிக் வெச்ச வண்டிகளும் காட்டுவாங்க. அதுல நிறைய டிரை கிளட்ச், ஆயில்ல முங்காத கிளட்ச். ஓட்ட ஜாலியா இருக்கும், ஊர்ந்து போற ரோட்டுல சூடாகும். நீங்க அந்தப் பக்கம் போக வேண்டாம்.

டிசையருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லணும். 2024-ல குளோபல் என்கேப்போட விபத்துப் பாதுகாப்புச் சோதனையில 5 ஸ்டார் வாங்குச்சு, மாருதி கம்பெனிக்கு அதுதான் முதல் தடவை. உங்க ரூட் வேறயா இருந்தா கண்ணை மூடிட்டு அதையே சொல்லியிருப்பேன்.

டெஸ்ட் டிரைவை ஞாயித்துக்கிழமை காலையில எடுக்காதீங்க. சேல்ஸ் பையன் காலி ரோடா பார்த்துக் கூட்டிட்டுப் போவான். சாயங்காலம் ஆறரைக்கு டின் ஃபேக்டரி பக்கம் போகணும்னு அடம்பிடிங்க. ஒரு மால் பேஸ்மென்ட் சரிவுல நடுவுல நிறுத்தி, மறுபடி ஏத்திப் பாருங்க. ஏஎம்டி எப்படி, மத்தது எப்படின்னு அந்த ஒரு சரிவுலயே தெரிஞ்சுடும்.

ஓசூர்க்காரன்:

மச்சான் பேச்சைக் கேக்காதீங்க ப்ரோ. நான் கேட்டுப் பட்டவன். மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவுப்படி 12 மாசத்துக்கு மேல வேற மாநிலத்துல வண்டியை வெச்சிருந்தா அங்கே மறுபதிவு பண்ணணும். கேஆர் புரம் பக்கம் ஒரு நாள் ஓரங்கட்டினாங்க. ஆபீஸ் ஐடி கார்டு கழுத்துல தொங்குது, "இப்பதான் சார் ஊர்லேர்ந்து வர்றேன்"னு எப்படிச் சொல்றது? கர்நாடக வரியைக் கட்டி, ஓசூர்லேர்ந்து தடையில்லாச் சான்றுக்கு (என்ஓசி) அலைஞ்சு, அந்தப் பக்கம் கட்டின வரியைத் திரும்பக் கேட்டு அலைஞ்சு... போதும் சாமி. தமிழ்நாட்டுலயும் 2023 நவம்பர்ல வரியை ஏத்திட்டாங்க, முன்ன மாதிரி பெரிய லாபமும் இல்ல.

அதைவிட உருப்படியான கணக்கு ஒண்ணு இருக்கு. கர்நாடகாவுல வண்டி விலை 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் ஆயுள் வரி 14 சதவீதம், 10-ஐத் தாண்டிட்டா 20 லட்சம் வரைக்கும் 17. மிச்சத்துக்கு மட்டும் இல்ல, மொத்த விலைக்கும். 9.90 லட்சத்துக்கு வரி 1,38,600. 10.10 லட்சத்துக்கு 1,71,700. அதுக்கு மேல செஸ்ங்கிற கூடுதல் வரி தனி. சன்ரூஃபுக்காக ஒரு வேரியன்ட் மேல போறதுக்கு முன்னால இதைப் பாருங்க.

ஜிஎஸ்டியும் அதே மாதிரிதான். 2025 செப்டம்பர் 22-லேர்ந்து நாலு மீட்டருக்குள்ள, பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள்ள இருந்தா 18 சதவீதம், இல்லன்னா 40. டிசையரும் அமேஸும் 18-ல வருது. பிரெஸ்ஸா நாலு மீட்டருக்குள்ள இருந்தும் எஞ்சின் 1462 சிசி, அதனால 40. விலை வித்தியாசம் எங்கேர்ந்து வருதுன்னு புரியுதா?

ஃபாஸ்டேக் வருஷ பாஸ் எடுத்தா ஒரு வருஷத்துக்குள்ள 200 தடவை டோல்கேட் தாண்டலாம், 2025-ல அது 3,000 ரூபாய். மாசா மாசம் நீங்க போற தூரத்துக்குக் கட்டாயம் லாபம். ஆனா பழைய வண்டிக்கு இப்ப எடுத்துடாதீங்க, அது வண்டி நம்பரோட ஒட்டுனது, மாத்த முடியாது.

கம்மனஹள்ளி அக்கா:

தம்பி, எல்லாரும் கியர் பத்திப் பேசிட்டாங்க. பின் சீட்டுல உக்காரப் போறவங்களை யாராவது கேட்டீங்களா? அம்மாவை ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க. வாசல்ல உக்கார வெச்சு காபி கொடுக்க இல்ல. மூணு வண்டியிலயும் அஞ்சு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்க. எங்க மாமியாருக்கும் முழங்கால்தான். நாங்க செடான் வாங்கினோம், பார்க்க ராஜா மாதிரி இருக்கும். அவங்க உக்காரணும்னா கிணத்துல இறங்குற மாதிரி இறங்கணும், எழுந்திரிக்கணும்னா ரெண்டு பேர் தூக்கணும். ஒரு வருஷத்துக்கு அப்புறம் "நான் பஸ்ஸுலயே வர்றேன்"னு சொல்ல ஆரம்பிச்சாங்க. வண்டி மேல தப்பில்ல, நாங்க கேக்காததுதான் தப்பு.

டிக்கி விஷயமும் அப்படித்தான். அமேஸ் 416 லிட்டர், டிசையர் 382, பிரெஸ்ஸா 328னு புத்தகத்துல இருக்கும். செடான் டிக்கி ஆழமா இருக்கும், வாய் சின்னது. பிரெஸ்ஸாவுல லிட்டர் குறைவு, ஆனா வாய் பெருசு, மேல வரைக்கும் அடுக்கலாம். வீட்டுல இருக்கிற அரிசிச் சிப்பத்தை எடுத்துட்டுப் போய் வெச்சுப் பாருங்க. சிரிச்சா சிரிக்கட்டும், லோன் கட்டப் போறது அவங்களா?

இன்சூரன்ஸ் எங்ககிட்டதான் எடுக்கணும்னு சொல்வாங்க. அப்படி ஒரு சட்டமும் கிடையாது. வெளியில ஒரு விலை வாங்கி வெச்சுக்கிட்டுப் பேசுங்க, தானா இறங்கி வருவாங்க.

அப்புறம், பொங்கலுக்கு முன்னாலன்னா மார்கழியில்ல? அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?

வெத்தலக்கொடி:

அக்கா, கடைசி வரியைப் படிச்சப்பதான் எனக்கே உறைச்சது.

சனிக்கிழமை போனோம். சிப்பமும் கூட வந்துச்சு. செக்யூரிட்டி அண்ணன் தமிழ், "என்னண்ணே, ரேஷனா?"ன்னு கேட்டார். அம்மா அமேஸ்ல உக்காந்துட்டாங்க, சிரமமில்ல. எழுந்திரிக்கிறப்பதான் முன் சீட்டோட தலைப்பகுதியைப் பிடிச்சு இழுத்து, ஒரு கையைக் கதவுல ஊனி, முகம் சுருங்கிடுச்சு. "நல்லாத்தான் இருக்கு"ன்னு சொன்னாங்க. அவங்க சாப்பாடு பிடிக்காதப்ப சொல்ற அதே "நல்லாத்தான் இருக்கு". அடுத்த ஷோரூம்ல டிசையர்லயும் அதே கதை. பிரெஸ்ஸாவுல திரும்பி உக்காந்தாங்க, காலை உள்ளே எடுத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். ஒண்ணும் சொல்லல. ரெண்டாவது தடவை ஏறச் சொல்றதுக்கு முன்னாடியே பேரனைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டாங்க.

சாமியார் சொன்ன மாதிரி ஆறரைக்கு டின் ஃபேக்டரி போனேன். சேல்ஸ் பையன் பெருமூச்சு விட்டுக்கிட்டே வந்தான். நாப்பது நிமிஷம், ரெண்டரை கிலோமீட்டர். இடது கால் சும்மா கிடந்தது. அதுல எனக்கே ஒரு கூச்சம், என்ன பண்றதுன்னு தெரியாம காலை மடக்கி மடக்கி வெச்சுக்கிட்டேன்.

பிரெஸ்ஸா ஆட்டோமேட்டிக்லயே கீழ் வேரியன்ட் புக் பண்ணிட்டேன். சன்ரூஃப் இல்லன்னு பையன் கோபமா இருக்கான். 13-ஐக் கொஞ்சம் தாண்டிடுச்சு, இன்சூரன்ஸ்ல அக்கா யோசனையால கொஞ்சம் மீந்துச்சு. ஓசூர் மச்சானுக்கு இன்னும் போன் பண்ணல.

டிசம்பர் 31-க்குள்ள எடுத்தா தள்ளுபடி உண்டுன்னு ஷோரூம்ல சொன்னாங்க. அம்மா ஒரே வார்த்தை: "தை பிறக்கட்டும்." அந்தத் தள்ளுபடி போச்சு. ஜனவரி கடைசி வாரம் டெலிவரி. பொங்கலுக்குப் பழைய வண்டிதான்.

சில்க்போர்டு சாமியார்:

நல்லதுதான். ஆனா டிசம்பர்ல தயாரான வண்டியை ஜனவரியில தலையில கட்டப் பார்ப்பாங்க, விக்கிறப்ப ஒரு வருஷம் பழசுன்னு விலை குறையும். பணம் முழுசா கட்டுறதுக்கு முன்னால அவங்க வண்டி நிறுத்தி வெச்சிருக்கிற யார்டுக்குப் போய் வண்டியைப் பாருங்க. தயாரிப்பு மாசம் என்னன்னு எழுத்துல கேளுங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்க எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். அஞ்சு டயரையும் பாருங்க, ஸ்டெப்னியை மறந்துடாதீங்க. பகல் வெளிச்சத்துல போங்க.

வெத்தலக்கொடி:

ஸ்டெப்னி வரைக்கும் பார்த்துடுறேன் அண்ணே. அம்மா இப்பவே கேக்குறாங்க, புது வண்டியில முருங்கைக்கட்டை எங்கே வைக்கிறதுன்னு.