அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் தப்பான மெடல்: திருத்திய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

கோத்தகிரிக்காரன்:

அப்பாவுக்கு வயது 76. 1967இல் ராணுவத்தில் சேர்ந்து 1984இல் நாயக்காக வெளியே வந்தவர். வந்த நாளிலிருந்து தேயிலைத் தோட்டம், பச்சை இலை எடை, ஃபேக்டரி வண்டி என்றே இருந்துவிட்டார். போன டிசம்பர் 16க்கு பக்கத்துப் பள்ளி விழாவில் 1971 போர்க்காரர்களைக் கௌரவிக்கிறோம், மெடல் குத்திக்கொண்டு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். இவர் போகவில்லை. ஏன் என்று கேட்டால் பதிலும் இல்லை. ரெண்டு நாள் கழித்து, இலை பறித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "புக்குல எனக்கு வேற யாரோட மெடலையோ எழுதி வெச்சிருக்கான். அப்படியிருக்க மெடல் குத்திக்கிட்டு எப்படிடா போறது?"

அன்று ராத்திரி, ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது கொடுத்த அந்த டிஸ்சார்ஜ் புக்கை எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் முக்கியமான காகிதமெல்லாம் அடுப்புக்கு மேலே பரணில்தான் இருக்கும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். முப்பது வருஷப் புகை ஏறி அட்டை காபிக்கொட்டை நிறத்துக்கு வந்திருக்கிறது. உள்ளே மெடல் பக்கத்தில் சங்கிராம் மெடல், சுதந்திர வெள்ளிவிழா மெடல், 9 வருட சேவை மெடல், அதற்குக் கீழே 'பூர்வி ஸ்டார்'. பூர்வி என்றால் கிழக்கு. அப்பா போரில் இருந்ததோ பஞ்சாப் எல்லையைத் தாண்டி ஷகர்கர் பக்கம். வங்காளத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அவர் பெயருக்கு நேரே மேற்குக்கான 'பஸ்சிமி ஸ்டார்' இருந்திருக்க வேண்டும். அந்த ஸ்டார் கைக்கும் வரவில்லை. பூர்வியும் வரவில்லை, புக்கில் எழுதியதோடு சரி.

அவரோடு அதே நாளில், அதே மேஜையில் டிஸ்சார்ஜ் புக் வாங்கிய இன்னொருவர் குந்தா பக்கத்துக்காரராம். மற்றபடி ஒரு தகவலும் கிடையாது. 41 வருஷம் கழித்து இதையெல்லாம் திருத்த முடியுமா?

பழைய ஹவில்தார் கிளார்க்:

முடியும் தம்பி. முதலில் ஒன்று: அந்தப் பக்கத்தில் பேனாவை வைத்துவிடாதீர்கள். ஒருவர் பிள்ளை ஆர்வக்கோளாறில் 'திருத்தப்பட்டது' என்று தானே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்ததை நான் பார்த்திருக்கிறேன். லேமினேஷனும் வேண்டாம். பின்னால் அதில் சீல் வைக்க இடம் வேண்டும்.

இனி விஷயம். வீட்டில் இருக்கும் புக் மூலப் பதிவு இல்லை, மூலத்தைப் பார்த்து யாரோ எழுதியது. ஒரு சிப்பாய்க்கு நடப்பது எல்லாம், போஸ்டிங், லீவு, ஆஸ்பத்திரி, கல்யாணம், குழந்தை, மெடல் எல்லாமே, யூனிட்டில் பார்ட் டூ ஆர்டராக வெளியாகும். அதுதான் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய் அவருடைய ஷீட் ரோல் எனும் சேவைப் பதிவில் ஏறும். ஊரைக் கூட்டிக் கல்யாணம் பண்ணியிருந்தாலும் பார்ட் டூ ஆர்டர் வராதவரை ராணுவத்துக்கு நீங்கள் பிரம்மச்சாரிதான். ஆக, புக் தப்பு என்று வாதாடுவதில் பயனில்லை. ஷீட் ரோலில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. அங்கே பஸ்சிமி என்று இருந்து புக்கில் மட்டும் கை தவறியிருந்தால் வேலை சுலபம். அங்கேயும் பூர்வி என்றிருந்தால், எந்த ஆர்டரை வைத்து ஏற்றினார்கள் என்று பின்னால் போக வேண்டும்.

அப்பா பென்ஷன் வாங்குவதால் ஷீட் ரோல் இருக்கும். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களுடையதை 25 வருஷம் கழிந்தால் அழித்துவிடுவார்கள், லாங் ரோல் எனும் பெரிய பதிவேட்டில் ஒரு வரிதான் மிஞ்சும். அவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

1971-72இல் அப்பா வீட்டுக்கு எழுதிய கடிதம் ஏதாவது இருக்கிறதா? உறையோடு?

அருவங்காடு:

நான் ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பஸ் காசு மிஞ்சும். நீலகிரியில் பிறந்தவனுக்கு ராணுவம் என்றால் வெலிங்டன்தானே. மாமனார் பேப்பரைக் கட்டிக்கொண்டு பிளாக் பிரிட்ஜில் இறங்கி, கேட்டில் அரைமணி நின்று, காவலில் இருந்த பையனிடம் முழுக்கதையும் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அவர் சிக்னல்ஸ். ஜபல்பூருக்கு எழுதணும்" என்றான்.

வெலிங்டனில் இருப்பது மெட்ராஸ் ரெஜிமெண்டின் ரெக்கார்ட். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூர், பீரங்கிப் படை நாசிக், வண்டி, ஆயுதம் பழுதுபார்க்கும் ஈஎம்ஈ செகந்திராபாத், மெடிக்கல் கோர் லக்னோ. வீட்டிலிருந்து ஆபீஸ் எத்தனை கிலோமீட்டர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கூடலூர் மகள்:

எங்களுக்கு மெடல் இல்லை, பெயர்தான் சிக்கல். ஆனாலும் எழுதுகிறேன், இது பல வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் குண்டு. அம்மாவின் பெயர் தமிழ்ச்செல்வி. கல்யாணமானதும் அப்பா யூனிட்டில் போய், வீட்டில் கூப்பிடுகிற மாதிரி 'செல்வி' என்று கொடுத்துவிட்டார். பிறந்த தேதி குத்துமதிப்பாக ஜூலை 1. அப்பா இருந்தவரை இதை யாரும் கவனிக்கவில்லை. அவர் இறந்து குடும்பப் பென்ஷனுக்குப் போனபோது பிபிஓ எனும் பென்ஷன் ஆணையில் ஒரு செல்வி, ஆதாரில் ஒரு தமிழ்ச்செல்வி. "இந்த செல்வி யாருங்க?" என்று கவுண்டரில் இருந்தவர் அம்மாவிடமே கேட்டார். அம்மா வெளியே வந்து மர பெஞ்சில் உட்கார்ந்தவர்தான், அரைமணி நேரம் பேசவில்லை.

நோட்டரி பிரமாணப் பத்திரம், ஒரு தமிழ் பேப்பரிலும் ஒரு இங்கிலீஷ் பேப்பரிலும் விளம்பரம், ஆதார், பேன், பள்ளிச் சான்று எல்லாம் சேர்த்து, ஊட்டி முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்டுக்கு அனுப்பினோம். அங்கே பதிவைத் திருத்தி, பிறகு பிபிஓவுக்குத் திருத்த ஆணை வந்து, ஸ்பர்ஷ் எனும் பென்ஷன் இணையதளத்தில் பெயர் மாறியது. எட்டு மாதம். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவர் கையெழுத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். அப்பா இருக்கிறவர்கள் இன்றைக்கே பிபிஓவை எடுத்து அம்மா பெயரை ஓர் எழுத்து விடாமல் பாருங்கள்.

கோத்தகிரிக்காரன்:

கடிதம் இருக்கிறது! பாட்டியின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில். அதற்குள் அப்பாவின் யூனிஃபார்ம் போட்டோ ஒன்று இருந்ததால்தான் உறையோடு வைத்திருக்கிறார் போல. தாத்தாவுக்கு எழுதியது. ஊர் பேர் எதுவும் இல்லை. 'இங்கே குளிர் நம்மூர் உறைபனியைவிட அதிகம். பார்க்குமிடமெல்லாம் கரும்பும் கடுகும். எனக்கு ஒன்றுமில்லை. மாட்டை விற்க வேண்டாம், பணம் அனுப்புகிறேன்.' இவ்வளவுதான்.

உறையின் பின்பக்கத்தில் அனுப்புநர் இடத்தில் அப்பாவின் நம்பர், பெயர், யூனிட், கீழே 'மேபா 56 ஏபிஓ'. முன்பக்கம் வட்ட முத்திரை. செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் எஃப்பிஓ (ராணுவக் களத் தபால் நிலையம்) என்ற எழுத்தும் ஒரு நம்பரும் ஜனவரி 72ம் தெரிகிறது. தேதி மட்டும் மையில் தீய்ந்துபோயிருக்கிறது.

பழைய ஹவில்தார் கிளார்க்:

அடடா. பாட்டி ஒரு ரெக்கார்ட் ஆபீஸே நடத்தியிருக்கிறார்.

ஏபிஓ ராணுவத் தபால் முகவரி. 56 ஏபிஓ என்றால் டெல்லி வழியாகப் போகும் தபால், மேற்கும் வடக்கும். கிழக்கே இருந்தவனுக்குக் கல்கத்தா வழி, 99 ஏபிஓ. சண்டை டிசம்பர் 3இல் தொடங்கி 17இல் மேற்கில் நின்றது. ஜனவரியில் 56இல் இருந்தவர் டிசம்பரில் டாக்காவில் இருந்திருப்பாரா? உறை மட்டும் இருந்தால் ஸ்டார் கொடுத்துவிட மாட்டார்கள். யூனிட் எங்கே இருந்தது, அவர் அதில் இருந்தாரா என்பதை அவர்கள் பேப்பரில்தான் பார்ப்பார்கள். ஆனால் எந்த மாதத்து ஆர்டரைத் தேட வேண்டும் என்று தேடுகிறவனுக்கு இது விரல் நீட்டிக் காட்டும். வெறுமனே 'என் அப்பா போர்வீரர், நீதி வேண்டும்' என்று வருகிற மனுவில் எதைத் தேடுவது சொல்லுங்கள்.

மனு ஒரே பக்கம். நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த தேதி, வந்த தேதி, 1971 டிசம்பரில் இருந்த யூனிட், கம்பெனி. கேட்பது ஒன்றே ஒன்று: ஷீட் ரோலைப் பார்த்து, மெடல் பதிவைச் சரிசெய்து, திருத்திய சான்று தர வேண்டும். பென்ஷன் பாக்கி, ஈசிஹெச்எஸ் மருத்துவ கார்டு என்று வேறு எதையும் அதில் சேர்க்காதீர்கள், காகிதம் மேஜை மேஜையாகச் சுற்றும். கையெழுத்து அப்பாவுடையதாக இருக்கட்டும், உங்களுடையது வேண்டாம். ஒரிஜினல் உறையை அனுப்பவே கூடாது, ஜெராக்ஸ் போதும்.

அப்புறம் மெடல் விளிம்பைப் பார்த்தீர்களா? சங்கிராம் மெடலின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். புக்கில் உள்ள நம்பரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும்.

கோத்தகிரிக்காரன்:

ஏற்கெனவே அம்மா தேய்த்திருக்கிறார், ஒவ்வொரு பொங்கலுக்கும், பித்தளைச் செம்போடு சேர்த்து. எழுத்து மங்கல்தான். நம்பர் ஒத்துப்போகிறது.

மஞ்சூர்:

மெடலைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு, அதில்தான் நாங்கள் நிற்கிறோம். சித்தப்பா 1988இல் இலங்கையில் அமைதிப்படையில் இருந்தபோது கண்ணிவெடியில் இடது காலில் காயம். டிஸ்சார்ஜ் பேப்பரில் வெறும் 'விபத்தில் காயம்' என்று இருக்கிறது. ராணுவக் கணக்கில் பேட்டில் கேஷுவாலிட்டி வேறு, ஃபிசிகல் கேஷுவாலிட்டி வேறு. முதலாவதில் இருந்தால் போர்க்காயப் பென்ஷன், ரெண்டாவதில் இருந்தால் சாதாரண ஊனப் பென்ஷன். பணத்தில் பெரிய வித்தியாசம். சித்தப்பாவுக்குப் பணத்தைவிட அந்த 'விபத்து' என்ற சொல்தான் ஆறவில்லை. "நான் என்ன சைக்கிள்லேர்ந்தா விழுந்தேன்?" என்பார்.

அப்போது சேர்த்த ராணுவ ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டில் 'மைன் பிளாஸ்ட்' என்று தெளிவாக இருக்கிறது. மனு போட்டோம், நிராகரித்துப் பதில் வந்தது. அந்தப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளக் கேட்டு, சென்னை அமர்வில் மனு இருக்கிறது. ரெண்டு வருஷம் ஆகிறது. நிராகரிப்புக் கடிதம் வந்தால் கோபத்தில் கிழிக்காதீர்கள், உறையோடு தேதி தெரிகிற மாதிரி எடுத்து வையுங்கள்.

அருவங்காடு:

ஏஜென்ட் ஒருவர் 15,000 கேட்டார், 'உள்ளே ஆள் இருக்கு' என்று. நல்லவேளை கொடுக்கவில்லை. ஜபல்பூருக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டு மூணு மாதம் சத்தமில்லை. அப்புறம் மாமனார் பெயரிலேயே தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, 'என் மனு எந்த நிலையில் இருக்கிறது, என் ஷீட் ரோல் நகல் வேண்டும்' என்று கேட்டோம். 30 நாளைக்குள் நகல் வந்துவிட்டது. மருமகன் பெயரில் போட்டிருந்தால் மூன்றாம் நபர் என்று திருப்பியிருப்பார்கள்.

கோத்தகிரிக்காரன்:

அஞ்சு மாதம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஹவில்தார் சார் சொன்னபடி ஒரே பக்கம் எழுதினோம். அப்பா மூணு தடவை அடித்து எழுதினார். 'தயவுகூர்ந்து' என்று நான் போட்டதை வெட்டிவிட்டு 'சரிபார்க்கவும்' என்று போட்டார்.

போன வாரம் பதில் வந்தது. ஷீட் ரோலில் பஸ்சிமி ஸ்டார் என்றுதான் இருக்கிறதாம், ஆர்டர் நம்பரோடு, தேதியோடு. புக்கில் எழுதிய கைதான் தவறியிருக்கிறது. புக்கைக் கொண்டுவரச் சொன்னார்கள். கோத்தகிரியிலிருந்து குன்னூர், அங்கிருந்து வெலிங்டன் என்று ரெண்டு பஸ் மாறி நானும் அப்பாவும் போனோம். ஒரு இளம் கிளார்க் பூர்வி மேல் சிவப்பு மையில் கோடு இழுத்து, பக்கத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, சீல் வைத்துக் கொடுத்தார். அட்டையின் நிறத்தைப் பார்த்து, "என்ன சார் இது, டீ கொட்டிடுச்சா?" என்றார். அப்பா சிரித்தார். ஸ்டார் இன்னும் வரவில்லை, அதற்குத் தனியாக எழுதியிருக்கிறார்கள்.

திரும்பும்போது அப்பா குன்னூரில் ஊர் பஸ் ஏறவில்லை. குந்தா பஸ் எப்போது என்று விசாரித்தார். அவரோடு அதே நாளில் புக் வாங்கியவர் வீட்டுக்குப் போக வேண்டுமாம். "ரெண்டு பேர் புக்கையும் ஒரே ஆளுதான் எழுதினான்" என்றார். தேடிப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அவர் இறந்து ஆறு வருஷமாம். அந்த அம்மா காபி போட்டுக் கொடுத்துவிட்டு, பீரோவிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய புக்கை எடுத்து வந்தார். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மெடல் பக்கத்தைத் திருப்பினார்.

பூர்வி.

ஹவில்தார் சார், மனைவி பெயரில் மனு எப்படி எழுத வேண்டும்?