ஆக்டேவியா 1.8 டர்போ: வீட்டிலேயே ரிமேப் செய்தேன், மதியம் மட்டும் நாக்கிங், பிக்கப் அடைக்கிறது

ஆர்எஸ் கோவை

வணக்கம். பத்து நாளாக மண்டையைக் குடைகிற விஷயம், அதனால் கேட்கிறேன்.

வண்டி 2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ, கம்பெனிக் கணக்கில் 150 குதிரைத்திறன். 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஈசியூ (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) பாஷ் எம்இ 7.5. நான் மெக்கானிக் இல்லை, மில்லில் கணக்கு எழுதுகிறவன். கட்டம் கட்டமாக நம்பர் நிறைந்த எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது, அதுதான் என் வியாதி. பழைய லேப்டாப், ஈசியூவோடு இணைக்க ஒரு கேகேஎல் கேபிள், அதன் ஃபைலைத் திருத்த ட்யூனர்ப்ரோ, இவ்வளவுதான் என் பட்டறை. ஒரிஜினல் ஃபைலைப் படித்து மூன்று இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன். எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்பீர்கள் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் இதே இன்ஜினுக்கு எழுதிய ஸ்டேஜ் 1 ஃபைல் (பாகம் எதையும் மாற்றாமல் சக்தியை மட்டும் கூட்டுவது) ஒன்றைப் பார்த்து, அதே போக்கில் என் ஃபைலில் பூஸ்டையும் (டர்போ அழுத்தம்) டைமிங்கையும் (தீப்பொறி எவ்வளவு முன்னால் அடிக்கிறது என்பது) ஏற்றினேன். காலை ஆறு மணிக்கு எடுத்தால் வண்டி பறக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் 3500 ஆர்பிஎம்மில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல அடைக்கிறது. ஜன்னலை இறக்கினால் டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கும் சத்தம், அதாவது நாக்கிங் (சிலிண்டரில் பெட்ரோல் நேரம் தப்பித் தானாக வெடிப்பது).

லாக்:
பிளாக் 020 (நாக் கேட்டு ஈசியூ டைமிங்கைப் பின்வாங்கிய டிகிரி, நான்கு சிலிண்டருக்கும்): 9.0 / 8.3 / 9.8 / 9.0
பிளாக் 115: கேட்ட பூஸ்ட் 1950 மில்லிபார், கிடைத்தது 1930
பிளாக் 003: காற்று அதிகபட்சம் நொடிக்கு 136 கிராம்

டைமிங்கை எல்லா இடத்திலும் 4 டிகிரி குறைத்துவிடலாமா?

நூறு ஆக்டேன்

ஃபைல் ஐரோப்பாவுக்கு எழுதியது, அங்கே இந்த மாதிரி ஃபைலெல்லாம் 98 ஆக்டேனை மனதில் வைத்துச் செய்வார்கள். நம்மூரில் சாதாரண பெட்ரோல் வருஷக்கணக்கில் 91-ஆகத்தான் இருந்தது. டேங்கைக் காலி செய்து 100 ஆக்டேன் பெட்ரோல் எக்ஸ்பி100 போட்டுப் பாருங்கள், பிரச்சினை ஓடிவிடும்.

லாக்பைத்தியம்

பெட்ரோலும் ஒரு காரணமாக இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 020-ல் நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குப் பின்வாங்குகின்றன. ஒரு பிளக்கோ ஒரு இன்ஜெக்டரோ கெட்டிருந்தால் ஒரு சிலிண்டர் தனியாகத் தெரியும். இங்கே நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்று தப்பு. தம்பி, பிளாக் 032 போடுங்கள், ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது (டிரிம்) என்று அதில் தெரியும். அதைப் பார்க்காமல் மேப்பில் ஒரு கட்டத்தைக்கூடத் தொடாதீர்கள்.

அப்புறம் ஸ்பார்க் பிளக் என்ன, அதன் முனை இடைவெளி (கேப்) எவ்வளவு? ஏர் ஃபில்டர் பக்கம் ஏதாவது மாற்றினீர்களா?

திருச்சி டீசல்

எனக்கு ஒரு சந்தேகம். இந்த மூன்றாவது கியர் முழு மிதி எந்த ரோட்டில்? கணக்குப் பார்த்தால் 6500-ல் 140-ஐத் தொடுமே.

ஆர்எஸ் கோவை

எல் அண்ட் டி பைபாஸ்தான்… ஆள் இல்லாத நேரம் பார்த்து.

எக்ஸ்பி100 போட்டேன். பின்வாங்கல் 9-லிருந்து 6-க்கு வந்தது, போகவில்லை. பர்ஸ்தான் காலி.

பிளக் என்ஜிகே பிகேஆர்7இ, கேப் 0.7 மில்லிமீட்டர், புதுசு.

பிளாக் 032: முதல் கட்டம் 4.2, இரண்டாவது கட்டம் 18.8. இரண்டும் பிளஸ். போன மாதம் 17536 என்று ஒரு பிழைக் கோட் வந்தது, அழித்துவிட்டேன், திரும்ப வரவில்லை.

ஏர் ஃபில்டர்: ஆமாம், ஓப்பன் ஃபில்டர் போட்டிருக்கிறேன். சென்னைப் புதுப்பேட்டையில் அலுமினியக் குழாய் ஒன்று கிடைத்தது, மாஃப் சென்சர் (உள்ளே போகிற காற்றை அளப்பது) உட்காரும் ஓட்டையோடு. சென்சரைப் பழைய கூட்டிலிருந்து கழற்றி அதில் மாட்டினேன். அதற்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை.

கிரீஸ்கை

முப்பது வருஷம் ஸ்பேனர் பிடித்தவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே தம்பி. 17536 என்றால் "பெட்ரோல் பத்தவில்லை, நான் கூட்டிக் கூட்டி ஊற்றுகிறேன்" என்று ஈசியூ கதறுகிறது. அதை அழித்துவிட்டு அதன் தலையிலேயே ஸ்டேஜ் 1 ஏற்றியிருக்கிறாய். காய்ச்சல்காரனை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பிய கதை.

முதல் கட்டம் ஐடிலிங் கணக்கு. அது 4.2 என்றால் எங்கோ காற்று களவாக உள்ளே போகிறது. இருபது வயது ரப்பர். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கைவிட்டு பிசிவி ஹோஸ்களை (இன்ஜின் உள்ளே சேரும் வாயுவை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்) தடவிப் பார், பிஸ்கட் மாதிரி உடையும். சோப்புத் தண்ணீர் அடித்து, டர்போ வாயை மூடி, கம்ப்ரஸரில் 0.5 பார் மட்டும் ஏற்று. அதற்கு மேல் வேண்டாம், ஆயில் சீலைப் பதம் பார்த்துவிடும். குமிழி சொல்லும்.

பைபாஸில் மிதிக்கிற வேலையை இன்றோடு விடு. டிரிம் பார்க்க ஆபீஸ் போய் வருகிற ஓட்டமே போதும். முழு மிதி வேண்டுமானால் செட்டிப்பாளையத்தில் காரி ரேஸ் டிராக் பக்கத்திலேயே இருக்கிறது, இல்லையென்றால் டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே உருளை மேல் ஓட்டிச் சோதிக்கும் மேடை) அரை மணி நேரம் எடு.

லாக்பைத்தியம்

அண்ணன் சொன்னது முதல் கட்டத்துக்குச் சரி. எனக்கு உறுத்துவது இரண்டாவது கட்டம், வண்டி ஓடும்போது உள்ள கணக்கு, அந்த 18.8.

இதில் ஒரு பங்கு பெட்ரோலுடையது. இப்போது பெட்ரோல் பங்கில் சாதாரணமாகப் போட்டாலே இ20தான் (இருபது சதவீதம் எத்தனால்). சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். இருபது சதவீதம் கலந்தால் 13.5 பக்கம் வரும். அதாவது அதே காற்றுக்கு 7, 8 சதவீதம் அதிகம் ஊற்ற வேண்டும். 2005-ல் எழுதிய ஃபைலுக்கு இது தெரியாது, ஆக்சிஜன் சென்சர் சொல்லித்தான் கற்றுக்கொள்ளும். ஆகவே 7, 8 பிளஸ் என்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன். மீதி 10 எங்கிருந்து வந்தது?

அந்தக் குழாய் மேல்தான் எனக்குச் சந்தேகம். மாஃப் சென்சர் போகிற காற்றை முழுசாக எடை போடுவதில்லை. குழாயின் நடுவில் நின்றுகொண்டு தன்மேல் படுகிற காற்றின் வேகத்தை உணர்ந்து, "இந்த அளவு குழாயில் இந்த வேகம் என்றால் மொத்தம் இவ்வளவு" என்று கணக்குச் சொல்கிறது. குழாய் அகலமானால் அதே காற்று மெதுவாகப் போகும், சென்சர் குறைத்துச் சொல்லும். வெர்னியர் இருந்தால் பழைய கூட்டையும் புதுக் குழாயையும் உள்விட்டம் அளந்து போடுங்கள்.

நூறு ஆக்டேன்

சரி, காற்றைக் குறைத்துச் சொன்னால் பெட்ரோல் குறையும். ஆனால் அதைத்தான் டிரிம் 18 ஏற்றி ஈடுகட்டிவிட்டதே? அப்புறம் ஏன் நாக் ஆக வேண்டும்?

லாக்பைத்தியம்

நல்ல கேள்வி, விஷயமே இங்கேதான் இருக்கிறது.

டிரிம் பெட்ரோலை மட்டும்தான் சரி செய்யும். தீப்பொறி எப்போது அடிக்க வேண்டும் என்பதை ஈசியூ வேறு மேப்பில் பார்க்கிறது. அதில் ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் லோடு. லோடு என்பது மாஃப் சொன்ன காற்றிலிருந்து வருகிற கணக்கு. லோடு ஏற ஏற டைமிங்கைப் பின்னால் தள்ளுவார்கள், ஏனென்றால் சிலிண்டர் நிறைய நிறைய நாக் சீக்கிரம் வரும். இப்போது உண்மையில் 165 லோடு போகிறது, மாஃப் 150 என்கிறது. ஈசியூ 150 வரிசையைப் பார்த்து, அங்கே எழுதியிருக்கிறபடி இரண்டு மூன்று டிகிரி முன்னாலேயே அடிக்கிறது. டிரிம் எவ்வளவு ஏறினாலும் இந்தத் தப்பு அப்படியே நிற்கும்.

கம்பெனி மேப்பில் இதைத் தாங்க இடம் இருந்திருக்கும், ஒரு பிழைக் கோடோடு போயிருக்கும். ஸ்டேஜ் 1-ல் அந்த இடத்தையும் நாமே எடுத்துக்கொண்டோம். காலைக் குளிரில் இன்ஜின் பொறுத்துக்கொள்கிறது. மதியம் டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரும் சூடாகிவிட்டால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே எல்லா இடத்திலும் 4 டிகிரி குறைக்காதீர்கள். சத்தம் நிற்கும், ஆனால் தப்புக் கணக்கின் மேல் இன்னொரு தப்புக் கணக்கு எழுதினதாக ஆகும். உங்கள் தொழிலில் இதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

ஆர்எஸ் கோவை (நான்கு நாள் கழித்து)

அண்ணா, தொழிலையே இழுத்துவிட்டீர்கள்!

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கிரீஸ்கை அண்ணா சொன்ன மாதிரியே மேனிஃபோல்டுக்கு அடியில் ஒரு பிசிவி ஹோஸ் வளைவில் விரல் வைத்ததும் பிளந்தது. மாற்றிவிட்டேன். ஐடிலிங் கட்டம் 4.2-லிருந்து 0.6. இரண்டாவது கட்டம் 18.0. நாக் அப்படியே.

பெட்ரோலைச் சோதித்தேன். 100 மில்லி கண்ணாடி அளவுக் குடுவையில் 20 மில்லி தண்ணீர், அதன் மேல் 80 மில்லி பெட்ரோல், குலுக்கிவிட்டு மொட்டை மாடியில் வைத்தேன். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும் என்று படித்திருந்தேன். அடி மட்டம் 20-லிருந்து 36-க்கு வந்து நின்றது. 80-ல் 16, சரியாக இருபது சதவீதம். வீட்டம்மா ரசக் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கிப் போனார்.

வெர்னியர்: பழைய கூடு 60.0 மில்லிமீட்டர். புதுப்பேட்டைக் குழாய் 63.0. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 63-ஐ 63-ஆல் பெருக்கி, 60-ஐ 60-ஆல் பெருக்கியதால் வகுத்தேன். 1.1025. காணாமல் போன 10 கிடைத்துவிட்டது.

இப்போது என் கேள்வி: குழாயை வைத்துக்கொண்டே மாஃப் டேபிளில் (எம்எல்எச்எஃப்எம்) எல்லா மதிப்பையும் 1.10-ஆல் பெருக்கிவிடலாமா? எக்செல்லில் ஒரு நிமிஷ வேலை.

லாக்பைத்தியம்

செய்யலாம், பெரிய கூட்டுக்கு மாறுகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் போடுவது கம்பெனிக் கூடு, உள்ளே காற்றை நேராக்கும் வலை இருக்கும். உங்கள் குழாயில் வலை இல்லை, ஃபில்டர் வளைவிலிருந்து சுழன்று வருகிற காற்று சென்சரில் பட்டால் ஒரு ஆர்பிஎம்மில் 10 தப்பும், இன்னொன்றில் 14 தப்பும். ஒரே எண்ணால் பெருக்கி அதைப் பிடிக்க முடியாது.

கிரீஸ்கை

பழைய கூடு இருக்கிறதல்லவா? மாட்டு. பேச்சு முடிந்தது.

மாட்டுவதற்கு முன் சென்சரை மாஃப் கிளீனர் அடித்துக் காயவிடு. அந்த மாதிரி ஃபில்டரில் எண்ணெய் தடவியிருப்பார்கள், சென்சரில் படிந்திருக்கும். துணி போட்டுத் துடைக்காதே.

திருச்சி டீசல்

குறுக்கே ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில், கம்பெனி முதலில் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்சி விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று இருக்கிறது. இன்ஷூரன்ஸ்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள், விபத்து நடந்தபின் கேட்டால் பலன் இல்லை.

இன்னொன்று, ஈசியூவில் ஃபைலை எழுதும்போது பேட்டரிக்குச் சார்ஜர் போடுகிறீர்களா? என் தம்பி வண்டியில் ஃபிளாஷ் பாதியில் லேப்டாப் தூங்கிவிட்டது. ஈசியூவைப் பிரித்து, ஃபிளாஷ் சிப்பின் 24-வது காலைக் கிரவுண்டில் தொட்டுக்கொண்டே சுவிட்ச் போட்டு பூட் மோடில் மீட்டோம். நான் டார்ச் பிடித்தேன், அவன் ஊசி பிடித்தான், இரண்டு பேருக்கும் கை நடுங்கியது.

ஆர்எஸ் கோவை (ஒரு வாரம் கழித்து)

சார்ஜர் போடாமல் எழுதியதே இல்லை, மில்லில் வேலை பார்த்தவனுக்குக் கரண்ட் மேல் நம்பிக்கை கிடையாது. 52-ஐயும் படித்தேன், ஏஜென்டிடம் பேசுகிறேன்.

பழைய கூட்டை மாட்டி, சென்சரைச் சுத்தம் செய்து, பிழைக் கோடுகளை அழித்து, ஈசியூ கற்றதையெல்லாம் மறக்க வைத்தேன். நான்கு நாள் சாதாரணமாக ஓட்டினேன். பிளாக் 032 இரண்டாவது கட்டம் 7.0. எத்தனால் கணக்குக்குச் சரியாக இருக்கிறது.

நேற்று மதியம் டைனோவில் அரை மணி நேரம் எடுத்தேன். மேப்பில் ஒரு எண்ணும் மாற்றவில்லை, பங்கில் போடுகிற சாதாரண பெட்ரோல்தான். 020: 3.0 / 2.3 / 3.0 / 3.8. காற்று 136-லிருந்து 150 கிராம். உண்மையில் அப்போதும் கிட்டத்தட்ட இதே காற்றுதான் போயிருக்கிறது, சொல்லத்தான் ஆளில்லை. தோராயக் கணக்கில் அந்த 150-ஐ 0.8-ஆல் வகுத்தால் 187 குதிரை.

இரண்டு சின்னக் கேள்வி. அந்த 7.0-ஐயும் பூஜ்யமாக்க இன்ஜெக்டர் எண்ணை (கேஆர்கேடிஇ) 7 சதவீதம் ஏற்றட்டுமா? 5500-க்கு மேல் பூஸ்ட் சரிகிறது, அங்கே கொஞ்சம் கூட்டலாமா?

லாக்பைத்தியம்

முதலாவது வேண்டாம். 7 ஈசியூவுக்குத் தாங்கக்கூடிய அளவுதான். ஏற்றிவிட்டு ஒருநாள் எத்தனால் குறைந்த பெட்ரோல் போட்டால் மைனஸில் நிற்கும். கணக்குப்பிள்ளைக்கு பூஜ்யம் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள்.

கிரீஸ்கை

இரண்டாவதும் வேண்டாம். அது கே03, சின்ன டர்போ. 5500-க்கு மேல் முறுக்கினால் சூடான காற்றைத்தான் ஊதும், மறுபடி நாக்கில் வந்து நிற்பாய். மூன்றாவது சிலிண்டர், நான்காவது சிலிண்டர் எண்களை எழுதி வைத்துக்கொள். கத்திரி வெயிலில் இதே டைனோ, இதே நேரம், இன்னொரு லாக் எடுத்துப் போடு. பின்வாங்கல் 5-ஐத் தாண்டினால் 3000-க்கும் 4500-க்கும் நடுவில் மட்டும் டைமிங்கை ஒன்றரை டிகிரி குறைக்கலாம். தாண்டாவிட்டால் லேப்டாப்பை எடுக்காதே.

ஆர்எஸ் கோவை

சரிங்கண்ணா. மே மாதம் லாக்கோடு வருகிறேன். 63 மில்லிமீட்டர் அலுமினியக் குழாய் ஒன்று பரணில் சும்மா கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள். சென்சர் ஓட்டையை அடைத்துத்தான் தருவேன்.