டெம்பரேச்சர் முள் பொத்துன்னு விழுது, ஃபேன் நிக்காம ஓடுது: சென்சார் மாத்தியும் தீரல

கொரடாச்சேரிக்காரன்:
வணக்கம். 2013 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே டெம்பரேச்சர் முள் நடுவுலேர்ந்து பொத்துன்னு கீழ விழுது. உடனே ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்துல சுத்துது, செக் எஞ்சின் லைட் எரியுது. கொஞ்ச தூரம் போனா தானா சரியாயிடுது. அதைக்கூடப் பொறுத்துக்கலாம், சூட்டுல ஸ்டார்ட் ஆகாததுதான் தாங்கல. நீடாமங்கலம் கேட்டுல ஆஃப் பண்ணி நின்னேன். ரயில் போயி கேட்டைத் தூக்குனா செல்ஃப் சுத்துது, எஞ்சின் பிடிக்கல, பெட்ரோல் வாடை குப்புன்னு அடிக்குது. பின்னாடி நின்ன பஸ்காரர் என் பரம்பரையையே விசாரிச்சுட்டார்.

ஒர்க்‌ஷாப்புல முதல்ல எஞ்சினை ஆத்துற கூலன்ட் தண்ணியோட ஓட்டத்தைத் திறந்து மூடுற தெர்மோஸ்டாட், அப்புறம் அந்தத் தண்ணியோட சூட்டை அளக்குற கூலன்ட் சென்சார், ரெண்டும் மாத்தியாச்சு. ஸ்கேனர்ல பி0118, பி0119-னு ரெண்டு கோளாறு நம்பர் வருதாம். இப்ப இசியூ, அதான் எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர், போயிருக்கும்கிறாங்க. விலையைக் கேட்டு வந்து படுத்தவன்தான். வழி சொல்லுங்க.

டீக்கடை பெஞ்ச்:
தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டுங்க பாஸ். நம்ம வெயிலுக்கு அது எதுக்கு?

பழைய ஸ்பானர்:
தம்பி, அந்த வேலையைச் செஞ்சுடாதீங்க. அது இல்லாட்டி எஞ்சின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் குடிக்கும். தெர்மோஸ்டாட் கோளாறுன்னா முள் மெதுவா ஏறி மெதுவாதான் இறங்கும். கொதிக்கிற தண்ணி ஒரு நொடியில எப்படி ஆறும்? இது கரன்ட் சமாச்சாரம்.

ஆனா காலையில எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்க. குறைஞ்சிருந்தா சென்சார் முனை தண்ணியில நனையாம ரீடிங் தாறுமாறாப் போகும். சூட்டுல மூடியைத் திறக்காதீங்க, மூஞ்சியில அடிக்கும்.

குடந்தை வயரிங்:
பி0118-னா கூலன்ட் சென்சார் சர்க்யூட்ல வோல்ட் அதிகம்னு அர்த்தம். பி0119 விட்டு விட்டு வர்ற கோளாறு. ரெண்டும் சேர்ந்து வந்தா நான் முதல்ல வயரைத்தான் சந்தேகப்படுவேன்.

சென்சாருக்குள்ள இருக்கிறது ஒரு தெர்மிஸ்டர். ஆறியிருந்தா ரெசிஸ்டன்ஸ் அதிகம், சூடேற ஏறக் குறையும். இசியூ 5 வோல்ட் அனுப்பி, அதுல எவ்வளவு மிஞ்சுதுன்னு பார்த்து சூட்டைக் கணக்குப் போடும். வயர் எங்கயாவது விட்டுப்போனா 5 வோல்ட்டும் அப்படியே நிக்கும். இசியூ அதை மைனஸ் 40 டிகிரின்னு படிக்கும். கும்பகோணத்துல மார்கழியிலகூட அந்தக் குளிர் கிடையாது! உடனே எதுக்கும் இருக்கட்டும்னு ஃபேனைப் போடும். ரீடிங்கை நம்பி பெட்ரோலையும் அள்ளி ஊத்தும். உங்களுக்கு வந்த வாடை அதுதான். அவசரத்துக்கு ஆக்சிலேட்டரை அடி வரைக்கும் மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிங்க. பெரும்பாலான வண்டியில பெட்ரோலைப் பீய்ச்சுற இன்ஜெக்டர் நின்னு, தேங்குன பெட்ரோல் வெளியேறிடும்.

வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற புளூடூத் ஓபிடி கருவி ஒண்ணு வாங்கிப் போன்ல கூலன்ட் ரீடிங்கைத் திறங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டியில அதுவும், எஞ்சின் உள்ள இழுக்கிற காத்தோட சூட்டைக் காட்டுற இன்டேக் காத்து ரீடிங்கும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். அடுத்து இக்னிஷன் ஆன்ல சென்சார் கனெக்டரைக் கழட்டுங்க, மைனஸ் 40 காட்டணும். கனெக்டர்ல ரெண்டு பின்னையும் ஒரு சின்ன வயரால சேர்த்தா 130-க்கு மேல எகிறணும். ரெண்டும் சரியா வந்தா இசியூ மேல பழி போட வேண்டாம். அப்புறம் கனெக்டரை மாட்டி எஞ்சினை ஓட விட்டு, வயரை ஒவ்வொரு சாணா ஆட்டிப் பாருங்க. ஃபேன், பெல்ட் பக்கம் கை போகக்கூடாது.

வேதை உப்புக்காத்து:
எங்க பக்கம் பாதி வண்டியில பின்னுக்குள்ள பச்சைத் துருதான் பூத்திருக்கும். கனெக்டரைக் கழட்டும்போதே உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. சென்சார் மாத்துறவங்க பின்னை அகட்டி விட்டுடறதும் உண்டு, லூஸா இருந்தாலும் இதே கூத்துதான்.

கொரடாச்சேரிக்காரன்:
நன்றி அண்ணே! கூலன்ட் அளவு சரி. கழட்டுனா மைனஸ் 40, சேர்த்தா 140. பின் சுத்தமா இருக்கு. வயரை ஆட்டிக்கிட்டே வந்தேன், பேட்டரி தட்டுக்கு அடியில வளையுற இடத்துல கை பட்டதும் 88 டிகிரி சட்டுன்னு மைனஸ் 40 ஆச்சு, ஃபேன் சீறுச்சு. டேப்பைப் பிரிச்சா ஒரு வயர்ல இன்சுலேஷன் காணோம், ரெண்டு பல்லு பதிஞ்ச தடம், உள்ள நாலஞ்சு கம்பி மட்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு. பக்கத்துலயே நெல்லு உமி. கொல்லையில வைக்கோல் போருக்குப் பக்கத்துலதான் வண்டி நிக்கும்.

பழைய ஸ்பானர்:
சம்பா அறுப்பு முடிஞ்சா வயல் எலி எல்லாம் வீட்டுப் பக்கம்தான் வரும். போர் ஓரத்துல வண்டியை நிறுத்தாதீங்க. ராத்திரியில பானெட்டைத் திறந்து வெச்சா எலி அண்டாதுன்னு சிலர் சொல்வாங்க, எனக்கு அதுல முழு நம்பிக்கை இல்ல.

குடந்தை வயரிங்:
முறுக்கி டேப் சுத்தி விட்டுடாதீங்க, மழையில மறுபடி வரும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, கறுத்த செம்பு போற வரைக்கும் வெட்டி, அதே கனத்துல புது வயர் சேர்த்து, சூடு காட்டுனா சுருங்கி ஒட்டிக்கிற, பசை வெச்ச ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்க. பக்கத்து வயரையும் விரலால தடவிப் பாருங்க, எலி ஒண்ணோட நிறுத்தாது. கடைசியா பதிஞ்சிருக்கிற பி0118, பி0119 ரெண்டையும் அழிச்சுடுங்க. பழைய சென்சார் கையில இருக்கா? சுடுதண்ணியில முக்கி மீட்டர்ல பாருங்க. நிறைய வண்டியில 20 டிகிரிக்கு ரெண்டு, மூணு கிலோ ஓம், 80 டிகிரிக்கு 300 ஓம் பக்கம் வரும். அப்படி இருந்தா அது நல்ல சென்சார்தான், ஸ்பேரா வெச்சுக்கலாம்.

கொரடாச்சேரிக்காரன்:
அதை ஒர்க்‌ஷாப்புலயே விட்டுட்டு வந்துட்டேன் அண்ணே. நாளைக்குப் போயி கேட்டு வாங்கறேன்.