முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவை இப்போது வீட்டுக்குக் கூட்டி வரலாமா? (பெங்களூரு, மே 2021)

மீனா, அல்சூர்:
அம்மாவுக்கு 78 வயது. ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ஏப்ரல் 27 கொரோனா ஊரடங்குக்கு முன்பே யாரும் வந்து பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கூடத்தில் சேர்ந்து சாப்பிடுவது, சாயங்காலம் சகஸ்ரநாமம் சொல்வது எல்லாம் நின்றுபோய், இப்போது சாப்பாடே அறை வாசலுக்குத்தான் வருகிறது. அம்மாவுக்குக் காது மந்தம், உதட்டசைவைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்வார். எல்லோரும் மாஸ்க் போட்டிருப்பதால் ஆயாம்மா என்ன சொன்னாலும் சும்மா தலையாட்டுகிறாராம். ஃபோனில் நான் பேசினாலும் "சரி சரி" என்று வைத்துவிடுகிறார். மார்ச்சில் கோவிஷீல்டு தடுப்பூசி முதல் ஊசி போட்டாயிற்று. என் கணவருக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை, தினமும் போய் வருகிறார். என்ன செய்வது?

செல்வி (நர்ஸ்):
அக்கா, கணவர் தினமும் ஆஸ்பத்திரி போய் வருகிறார் என்றால் இப்போது கூட்டி வராதீர்கள். நான் வேலை செய்யும் இல்லத்தில் ஆயாக்கள் வீட்டுக்கே போகாமல் உள்ளேயே தங்கி மாற்றி மாற்றி வேலை பார்க்கிறார்கள், அங்கேயும் அப்படியா என்று கேளுங்கள். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே வந்தால் உடனே டாக்டர். கை சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் தப்பாகக் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி பார்க்க வேண்டும். ஆனால் நம்பரை மட்டும் கேட்டுவிட்டு ஃபோனை வைக்காதீர்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் கொரோனா வரும். திடீரென்று சாப்பாடு வேண்டாம் என்பது, பகலெல்லாம் தூங்குவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, சில பேருக்கு இதுதான் முதலில் தெரிகிறது. இதைக் கண்டுபிடிக்க அம்மாவோடு தினமும் பேசுகிற ஆள் அங்கே வேண்டும். அப்புறம், ஆயாக்கள் பலருக்குத் தமிழ் எழுத வராது. நீங்களே அட்டைகளில் பெரிய எழுத்தில் "சாப்பிட்டாயிற்றா", "மாத்திரை", "எங்கே வலிக்கிறது" என்று தமிழிலும் கீழே கன்னடத்திலும் எழுதி அனுப்புங்கள். ஆயா காட்டினால் போதும், அம்மா படித்துக்கொள்வார்.

ரகு, ஜெயநகர்:
செல்வி சொல்வது சரி, ஆனால் அறைக்குள்ளேயே கிடப்பதும் ஆளை முடக்கிவிடும். போன வருஷம் என் அப்பா இரண்டு மாதம் அறைக்குள்ளேயே இருந்து, கடைசியில் எதையாவது பிடித்துக்கொள்ளாமல் எழுந்திருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டார். வராந்தாவில் ஒவ்வொருவராகவாவது நடக்க விடச் சொல்லிச் சண்டை போடுங்கள், தப்பே இல்லை. வெறும் ஃபோன் வேண்டாம், வீடியோ காலில் பேசுங்கள். நீங்கள் வீட்டில் மாஸ்க் இல்லாமல் இருப்பீர்கள், முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி உட்கார்ந்தால் அம்மாவுக்கு உங்கள் உதடு தெரியும். காது மெஷின் இருந்தால் பேட்டரி தீர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அவசரத்தில் அதை யாரும் கவனிப்பதில்லை. கோவிஷீல்டு இடைவெளியை இப்போது 12 முதல் 16 வாரம் ஆக்கிவிட்டார்கள், ஜூனில் இரண்டாவது ஊசிக்கு யார் ஏற்பாடு செய்வார்கள் என்று இன்றே பேசிவையுங்கள்.

மீனா, அல்சூர்:
வீடியோ காலில் உதடு தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, ரொம்ப நன்றி அண்ணா. அம்மா அங்கேயே இருக்கட்டும். கன்னடம் என் மகள் எழுதுவாள், அட்டைகளை நாளைக்கே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். செல்வி, "மூச்சு வாங்குகிறதா" என்றும் ஒன்று எழுதலாம்தானே?

செல்வி (நர்ஸ்):
கட்டாயம் எழுதுங்கள் அக்கா. "பாத்ரூம் போகணுமா" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள்.