அதுக்கு முன்னாடி எந்த ஊர்?

போன வருஷம் அம்மாவோடு வாணியம்பாடியிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னை போனேன். காட்பாடியில் ஒரு பெரியவர் பேரனோடு ஏறி எதிரே உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதும் பேரனுக்கு வேலூர்க் கோட்டைக் கதை. 1806 ஜூலை 10, விடியாத நேரத்தில் நம்ம சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்தது, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அடக்கியது என்று நன்றாகவே சொன்னார். பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்களாம்.

அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார்.

“எந்த ஊரும்மா?”

“வாணியம்பாடி.”

“இல்ல, இந்தி பேசிட்டு வந்தீங்களே. அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடியும் வாணியம்பாடிதாங்க. நாங்க பேசினது உருது.”

“பாகிஸ்தான்ல சொந்தக்காரங்க இருக்காங்களா?”

எனக்கு சுருக்கென்றது. “நம்ம சிப்பாய்கள்” என்று அவர் சொன்னபோது நானும் அதில் சேர்த்திதான் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து லெப்பை முஸ்லிம்களில் பலர் தமிழ் பேசிய குடும்பங்கள். மதரஸா படிப்பும் தோல் வியாபாரமுமாக உருதுக்கு மாறியவர்கள். ஆம்பூர், பேரணாம்பட்டிலும் இதே கதைதான். வீட்டில் உருது, கடைவீதியில் தமிழ், கல்யாணத்தில் கழுத்துக்குக் கருகமணி. இதையெல்லாம் படபடவென்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“யாரும் இல்லீங்க” என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு, அம்மா பையனிடம் கேட்டார். முப்பது வருஷம் வரலாற்றுப் பாடம் எடுத்தவர்.

“கண்ணு, சிப்பாய்ங்க எதுக்கு எழுந்தாங்கன்னு எழுதினியா?”

அவன் தலையாட்டவில்லை.

“நெத்தியில விபூதி, நாமம் கூடாது, தாடியை மழிக்கணும், புதுசா ஒரு தலைப்பாகை போட்டுக்கணும்னு வெள்ளைக்காரன் உத்தரவு. இந்து சிப்பாய், முஸ்லிம் சிப்பாய் ரெண்டு பேருக்குமே பொறுக்கல. திப்பு சுல்தானோட பிள்ளைங்களை அந்தக் கோட்டையிலதான் காவல்ல வச்சிருந்தாங்க. அன்னிக்குக் கோட்டையில ஏத்தினதும் திப்புவோட கொடிதான்.”

பெரியவர் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். “கொடி சங்கதி எனக்குத் தெரியாதும்மா” என்றார். கெட்ட மனுஷர் இல்லை, அந்தக் குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது.

அம்மா திருவல்லிக்கேணி சித்திக்கு வாங்கிய ஆற்காடு மக்கன் பேடா டப்பாவைப் பிரித்து இரண்டு பேருக்கும் நீட்டினார். ஜீராவில் பிசுபிசுத்த விரலை டவுசரில் துடைத்துவிட்டு, பையன் பேனாவைத் திறந்தான்.

“பாட்டி, தலைப்பாகைக்கு அப்புறம் என்ன சொன்னீங்க?”