நிரலாக்கம் கலையா, அறிவியலா: இருமத் தேடலில் கிடந்த ஒரு பிழையை முன்வைத்து

வைகறை:
நண்பர்களுக்கு வணக்கம். கணினித் துறையின் உயரிய விருதான டியூரிங் விருதை 1974-ஆம் ஆண்டு பெற்றபோது கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் ஆற்றிய உரை, நிரலாக்கத்தைக் கலை என்று தலைப்பிலேயே அறிவித்தது. கணினிக்கே கற்றுக்கொடுக்கும் அளவுக்கு நாம் தெளிவாகப் புரிந்துகொண்டது அறிவியல் என்றும், அந்த அளவுக்கு இன்னும் புரிபடாத ஒன்றைக் கையாள்வது கலை என்றும் அவர் அதில் எல்லை வகுத்தார். என் அனுபவமும் அவர் பக்கமே நிற்கிறது.

நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் போடும் நிரலின் மையப்பகுதி நானூறு வரிகளுக்கு மேல் ஒரே துண்டாக இருந்தது. விடை ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஆனால் அதை எழுதியவர் போன பிறகு அதில் கைவைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. வருகை, பிடித்தம், முன்பணம் என்று பிரித்து அதை நான் திரும்ப எழுதினேன். பழைய நிரலும் புதிய நிரலும் பைசா பிசகாமல் ஒரே தொகையைத் தந்தன. அப்படியானால் எது மாறியது? எந்த இடத்தில் பிரித்தால் அடுத்து வருபவருக்கு விளங்கும் என்பதை எந்தத் தேற்றமும் எனக்குச் சொல்லவில்லை.

மெய்ப்பு:
வைகறை அவர்களே, விளங்கும்படி எழுதுவது நற்பண்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளங்குவது வேறு, சரியாக இருப்பது வேறு. இருமத் தேடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அகராதியின் நடுப்பக்கத்தைப் பிரித்து, தேடும் சொல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்த்து, பாதியை ஒதுக்கிக்கொண்டே போகும் முறைதான் அது. அதன் முதல் வடிவம் 1946-இல் வெளியானது என்றும், எல்லா அளவுகளுக்கும் சரியாக இயங்கும் வடிவம் 1960 வரை அச்சில் வரவில்லை என்றும் உங்கள் நூத்தே எழுதியிருக்கிறார்.

கதை அதோடு முடியவில்லை. நடு இடத்தைக் கண்டுபிடிக்கக் கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் வகுப்போம். ஜாவா என்னும் நிரல்மொழியில் சாதாரண முழு எண் 2,147,483,647-ஐத் தாண்ட முடியாது. பட்டியல் மிகப் பெரிதாக இருந்து கூட்டுத்தொகை அந்த வரம்பைக் கடந்தால், விடை எதிர்ம எண்ணாகப் புரண்டு நிரல் உடைந்துவிடும். ஜாவாவோடு வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பான நூலகத்தில் இந்த வரி ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கிடந்ததை, அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் வெளிப்படையாகச் சொன்னார். அத்தனை ஆண்டுகளில் எத்தனை பேர் அந்த வரியைப் படித்து, அழகாக இருக்கிறது என்று கடந்துபோயிருப்பார்கள்! அழகுணர்ச்சி அங்கே காவல் நிற்கவில்லை. மேலெல்லையிலிருந்து கீழெல்லையைக் கழித்து, அதில் பாதியைக் கீழெல்லையோடு கூட்டினால் இந்தப் பிழை நேராது என்பது ரசனையால் தெரிவதன்று, கணக்கால் தெரிவது.

வைகறை:
நீங்கள் சொன்ன கதையில் ஒரு முக்கியமான பகுதி விடுபட்டிருக்கிறது. பிளாக்கின் ஆசிரியர் ஜான் பென்ட்லி, தம் நூலில் இருமத் தேடலைச் சரியென்று முறையாக மெய்ப்பித்தே காட்டியிருந்தார். அந்த வடிவத்திலும் இதே பிழை இருந்தது. மெய்ப்பிப்பில் ஓட்டை இல்லை. ஆனால் அது எல்லையே இல்லாத முழு எண்களைப் பற்றிப் பேசியது. கணினியில் இருப்பதோ 32 பிட்டுகளில், அதாவது 32 இரும இலக்கங்களில், அடங்கும் எண். எதை மெய்ப்பிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் உங்கள் அறிவியல் எங்கே நின்றது?

மெய்ப்பு:
நியாயமான கேள்வி. அங்கே கருதுகோள் தவறியது. கருதுகோள் தவறும்போது அதைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வதுதான் அறிவியலின் நடைமுறை. 2015-இல் நடந்ததைப் பாருங்கள். பைத்தான் என்னும் நிரல்மொழியிலும் ஜாவாவிலும் கோடிக்கணக்கான கருவிகளில் ஓடிய டிம்சார்ட் என்னும் வரிசைப்படுத்தும் முறையைச் சரியென்று மெய்ப்பிக்க ஆய்வாளர்கள் முயன்றார்கள். மெய்ப்பிப்பு ஓரிடத்தில் நகர மறுத்தது. எப்போதும் உண்மையாக இருக்கும் என்று நிரலை எழுதியவர் நம்பிய ஒரு நிபந்தனை, சில வேளைகளில் உண்மையாக இல்லை என்பது அப்படித்தான் வெளிப்பட்டது. ஜாவா வடிவத்தை உடைக்கக்கூடிய ஒரு பட்டியலையே அவர்கள் உருவாக்கிக் காட்டினார்கள். தேர்ந்த கைகள் எழுதி, ஆண்டுக்கணக்கில் சோதித்த நிரல் அது. கலை என்ற சொல் நிரலருக்குப் பெருமை தருகிறது என்பதற்காக, இப்படிப்பட்ட கடமையிலிருந்து நாம் விலக்குப் பெற்றுவிடக் கூடாது என்பதே என் கவலை.

தாம்பரம் மாணவி:
இருவரும் மன்னிக்க வேண்டும், சொல்லைப் பற்றியே எனக்கு ஒரு ஐயம். தமிழில் ஒரு துறையின் நுட்பச்சொல்லைக் கலைச்சொல் என்கிறோம். அறுபத்து நான்கு கலைகளில் கணிதமும் உண்டு. கலையை ஒரு கரையிலும் அறிவியலை எதிர்க்கரையிலும் நிறுத்துவது நம் சொல்லுக்கே பொருந்தவில்லை.

நூத் அந்த உரையை ஆற்றிய அதே 1974-இல், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலங்களை அணி இலக்கணங்களால் (array grammars; குறிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் விதித்தொகுப்புகள்) விவரிக்கும் ஆய்வுக்கட்டுரையை வெளியிட்டார்கள். சில விதிகளை மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால் ஒரே குடும்பத்துக் கோலங்கள் சிறிதும் பெரிதுமாக வந்துகொண்டே இருக்கும். என் பாட்டி புள்ளி வைத்துவிட்டு, ஒரு கணம் தரையைப் பார்த்துவிட்டுத்தான் முதல் இழையைத் தொடங்குவார். அவர் கையில் ஓடியது விதிதான். இத்தனை விதிகளில் இன்று எதை, இந்த வாசலின் அகலத்துக்கு எத்தனை புள்ளியில் என்று முடிவு செய்தது அந்த ஒரு கணம். அதை அந்த இலக்கணம் விவரிப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மெய்ப்பு:
கோலத்துக்கே இலக்கணம் எழுத முடிந்தது என்பது என் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் அந்த ஒரு கணத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. வைகறை அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அந்தச் சம்பள நிரல் என்ன செய்ய வேண்டும் என்பது எங்காவது எழுதப்பட்டிருந்ததா?

வைகறை:
இல்லை. ஒருநாள் சம்பளத்தைக் காண மாதச் சம்பளத்தைச் சிலருக்கு 26-ஆலும் சிலருக்கு 30-ஆலும் வகுக்க வேண்டும் என்பது பழைய நிரலில் இருந்தது. யாருக்கு எது, ஏன் என்பது ஓய்வுபெறவிருந்த ஒரு கணக்காளருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. மூன்று நாள் அவர் அருகில் உட்கார்ந்து கேட்டு, அவர் சொன்னதை ஒரு பக்கத்தில் எழுதி, அதன் பிறகே முதல் வரியைத் தொட்டேன். அந்தப் பக்கம் இருந்தால் மீதியை நீங்கள் மெய்ப்பித்துவிடலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை எப்படி மெய்ப்பிப்பீர்கள்?

மெய்ப்பு:
அதைக் கணக்காளரிடம் படித்துக் காட்டித்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.